மரமும் தெய்வமும்

என் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. ஒன்றரை அடி உயரம். ஒரு சாண் அகலம். பிளந்த தூணிலிருந்து நரசிம்மம் வெளிப்படுகிறது. கீழே ஓர் ஓரத்தில் பிரகலாதன் கைகூப்பி நிற்கிறான். பழைய தேர் ஒன்றிலிருந்து கழற்றப்பட்ட பலகை அது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். "நல்ல வேலைப்பாடு" என்கிறார்கள். சிலர் விலை கேட்கிறார்கள். சிற்பங்களைப் பார்ப்பதிலேயே பாதி ஆயுளைச் செலவிட்ட நண்பர் ஒருவர் ஒரு நாள் அதன் எதிரே வெகுநேரம் நின்றுவிட்டு, "மரத்திலேயே இவ்வளவு செய்திருக்கிறான் என்றால், கல் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பான்!" என்றார்.

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்த 'மரத்திலேயே' என்ற சொல் எனக்குப் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது. சிற்பத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோர் மனத்திலும் ஒரு வரிசை இருக்கிறது. கல் மூத்த பிள்ளை. செம்பு செல்லப் பிள்ளை. மரம் வீட்டு வேலைக்கு வந்த பிள்ளை. புத்தகங்களும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பல்லவர் கல்லுக்கு ஓர் அதிகாரம், சோழர் செப்புத் திருமேனிக்கு இரண்டு அதிகாரம். கடைசியில் கைத்தொழில், நாட்டுக் கலை என்ற தலைப்பின் கீழே, மட்பாண்டத்துக்கும் பாய் முடைதலுக்கும் நடுவில் மரத்துக்கு ஒரு பத்தி. இந்த வரிசை தவறு என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்லுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

மண்டகப்பட்டில் மகேந்திர வர்மன் குடைந்த குகைக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஆலயம் எடுத்ததாக அவன் பெருமைப்படுகிறான். நம் சரித்திர ஆசிரியர்கள் இதைக் கல் யுகத்தின் பிறப்புச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். சரிதான். ஆனால் ஒருவன் எது இல்லாமல் செய்தேன் என்று சொல்லிப் பெருமைப்படுகிறான் என்றால், அதுவரை மற்றவர்கள் அதைக் கொண்டுதான் செய்தார்கள் என்றல்லவா அர்த்தம்? அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு, கண்ணுக்குத் தெரியாமல் மக்கிப்போன நூற்றுக்கணக்கான மரக் கோயில்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

மாமல்லபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். திரௌபதி ரதம் என்று வழங்குகிற சிறு கோயில் கூரை வேய்ந்த குடிசை மாதிரியே இருக்கிறது. மற்ற ரதங்களின் கூரைகளும், வளைந்து இறங்குகிற கொடுங்கைகளும் தச்சன் மரத்தில் பழகின வடிவங்கள். கல்தச்சன் என்ற சொல்லிலேயே அவன் பரம்பரை தெரிகிறது. தச்சன்தான் முதலில் இருந்தான்; பிறகுதான் அவன் கையில் கல்லைக் கொடுத்தார்கள். இன்னும் பின்னால் போனால், சங்க காலத்தில் ஊர்ப் பொது மன்றங்களில் கந்து என்ற மரத்தூணில் தெய்வம் உறைவதாக எண்ணி மக்கள் வழிபட்டிருக்கிறார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் தூணில் இருக்கும் பாவை ஒன்று பேசுகிறது; நடந்ததையும் நடக்கப்போவதையும் சொல்லுகிறது. தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான் என்று நம் பாட்டிமார் சொல்லுவது நரசிம்மக் கதையை வைத்துத்தான். ஆனால் அந்தப் பழமொழிக்கு இடம்கொடுக்கிற மனம் இந்த மண்ணில் கதை வருவதற்கு முன்பே இருந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆகவே வயதில் மூத்தது மரம்தான். ஆனால் வயதை வைத்து மட்டும் கலைக்கு மதிப்புப் போட முடியாது. மரத்தில் தெய்வத்தைச் செய்யும்போது, கல்லில் கிடைக்காத அர்த்தம் ஏதாவது கிடைக்கிறதா? அதுவல்லவா கேள்வி?

இங்கே 'சின்னங்களின் தத்துவம்' எழுதுகிறவர்களோடு எனக்கு ஒரு சிறு பிணக்கு உண்டு. சங்கு என்றால் பிரணவம், சக்கரம் என்றால் காலம், தாமரை என்றால் தூய்மை என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். அட்டவணை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சங்கு கல்லில் இருந்தாலும் பிரணவம்தான், காலண்டர் படத்தில் இருந்தாலும் பிரணவம்தான். அப்படியானால் சிற்பிக்கு என்ன வேலை? அவன் எதைக்கொண்டு செய்கிறான் என்பதிலேயே ஒரு பொருள் இருக்கவேண்டும். மரத்தைப் பொறுத்தவரையில் அந்தப் பொருள் மிகவும் எளிமையானது. மரம் உயிரோடு இருந்த ஒன்று. அது முளைத்தது, நின்றது, வெட்டுப்பட்டது. இனி ஒரு நாள் மக்கும். கல்லைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

நம் முன்னோர்கள் இதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருஹத் சம்ஹிதையில், பிரதிமை செய்ய மரம் தேடிக் காட்டுக்குள் போவதைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. மயானத்து மரம் கூடாது. புற்றருகே நிற்கும் மரம் கூடாது. பறவைகள் கூடு கட்டியது, இடி விழுந்தது, காற்று முறித்தது கூடாது என்று ஒரு நீண்ட பட்டியல். தகுந்த மரம் கிடைத்தால் உடனே கோடரியைத் தூக்கிவிட முடியாது. இரவில் அதற்குப் பூஜை செய்யவேண்டும். இன்ன தெய்வத்தின் வழிபாட்டுக்காக உன்னைத் தேர்ந்திருக்கிறோம் என்று மரத்தைத் தொட்டு அதனிடமே சொல்லவேண்டும். அதில் குடியிருக்கிற பூதங்களைப் பார்த்து, இந்தப் பலியை ஏற்றுக்கொண்டு வேறிடம் போய் இருங்கள், எங்களை மன்னியுங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விடிந்த பிறகுதான் வெட்டு; அதுவும் தேனும் நெய்யும் தடவின கோடரியால்.

இதை மூடப் பழக்கம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கட்டும். எனக்கு இதில் ஒரு நாகரிகம் தெரிகிறது. ஓர் உயிரை எடுத்துத்தான் ஒரு தெய்வத்தைச் செய்யப்போகிறோம் என்ற உணர்வு தெரிகிறது. அதே நூலில் இன்னொன்றும் வருகிறது. எந்தப் பொருளில் செய்த பிரதிமைக்கு என்ன பலன் என்று சொல்லும்போது, மரத்தாலும் மண்ணாலும் செய்த பிரதிமை ஆயுளையும் செல்வத்தையும் பலத்தையும் வெற்றியையும் தரும் என்கிறார். கல் பிரதிமைக்குக் கிடைக்கிற பலன் நிலம். எது சீக்கிரம் அழிகிறதோ அது ஆயுளைக் கொடுக்கிறது! படித்தபோது இது கைப்பிசகோ என்றுகூட நினைத்தேன். பூரியைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு அப்படி நினைக்கவில்லை.

பூரி ஜகந்நாதரையும் பலபத்திரரையும் சுபத்திரையையும் பார்த்து ஏமாந்துபோகாத தென்னாட்டு யாத்திரிகர் குறைவு. நம் கோயில்களில் பழகின கண்ணுக்கு அந்த மூர்த்திகள் முதலில் விளையாட்டுப் பொம்மைகள் மாதிரித்தான் படும். பெரிய வட்டக் கண்கள், கழுத்து இல்லை, கால் இல்லை, ஜகந்நாதருக்குக் கை இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கட்டைகள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சுபத்திரைக்கு அதுவும் இல்லை. வேப்பமரத்தில் செய்து, மேலே துணியும் பிசினும் பூசி வர்ணம் தீட்டிய உருவங்கள் அவை.

இதற்கு ஒரு கதை உண்டு. இந்திரத்துய்மன் என்ற அரசனிடம் கிழத் தச்சன் ஒருவன் வந்தான். இருபத்தொரு நாள் கதவைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு உள்ளே போய் வேலையை ஆரம்பித்தான். சில நாட்களில் உளிச் சத்தம் நின்றுவிட்டது. கிழவன் செத்துப்போனானோ என்று அரசிக்குப் பயம். கதவைத் திறந்தார்கள். தச்சனைக் காணோம், கையும் காலும் முடியாத மூர்த்திகள் நின்றன. அப்படியே பிரதிஷ்டை செய் என்று ஆணை பிறந்தது.

பக்தர்களுக்கு இது தலபுராணம். எனக்கு இது தேர்ந்த கலை விமரிசனமாகவும் படுகிறது. எங்கே நிறுத்துவது என்பதுதான் எந்தக் கலைஞனுக்கும் கஷ்டமான காரியம். இந்தக் கதையில் கதவைத் திறந்தவர்களின் அவசரம் சிற்பியை நிறுத்துகிறது. ஆனால் அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக வந்த தச்சர்கள், ஒரு கையை முழுதாகச் செய்யத் தெரியாதவர்களா? தெரியும். இருந்தும் செய்யவில்லை. முடியாமல் நின்றதையே லட்சணமாக வைத்துக்கொண்டார்கள். அதனால் அந்த மூர்த்திகளில் மரம் இன்னும் மரமாகவே நிற்கிறது. அடிமரம் அடிமரமாக இருக்கிறது. அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் நம்மைப் பார்க்கின்றன. பார்க்கிற தெய்வத்துக்குப் பார்வையைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொரு வினோதம். வராகமிகிரர் வேண்டாம் என்று தள்ளிய மயானத்து அருகாமையும் புற்றும் பூரியில் வேண்டும் என்று தேடப்படுகின்றன. பறவைக் கூடு இல்லாத வேம்பாக, சங்கு சக்கரக் குறி உள்ளதாக, பக்கத்தில் நீர்நிலையும் மயானமும் இருப்பதாக, வேரடியில் புற்றுள்ளதாகப் பார்த்துத் தேடுகிறார்கள். தேடுகிற தைத்தாபதிகள் சபரர் என்ற வேடர் குலத்தின் வழிவந்தவர்கள் என்பது ஐதீகம். சாஸ்திரம் அஞ்சி விலகின இடத்துக்குக் காட்டுக்காரன் அஞ்சாமல் போய்த் தெய்வத்தைக் கொண்டுவந்தான் என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன்.

அதிக மாதமாக இரண்டு ஆஷாடம் சேர்ந்து வருகிற வருஷத்தில் பூரியில் மூர்த்திகளை மாற்றுகிறார்கள். நவகளேபரம், அதாவது புது உடம்பு, என்று அதற்குப் பெயர். 1912, 1931, 1950, 1969, 1977, 1996, கடைசியாக 2015 என்று நடந்திருக்கிறது. நள்ளிரவில் ஊரெல்லாம் இருட்டாக இருக்கும்போது, கண்ணைக் கட்டிக்கொண்டு, கைகளில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூத்த தைத்தாபதி பழைய மூர்த்திக்குள் இருக்கிற பிரம்மப் பொருள் என்பதை எடுத்துப் புதிய மூர்த்திக்குள் வைக்கிறார். அது என்ன என்று அவரும் பார்ப்பதில்லை. பழைய மூர்த்திகளைக் கோயில் வளாகத்திலேயே கோயிலி வைகுண்டம் என்ற இடத்தில் புதைக்கிறார்கள். பிறகு தைத்தாபதிகள் பத்து நாள் தீட்டுக் காக்கிறார்கள். தகப்பன் போனால் செய்கிற மாதிரி தலையை மழித்துக்கொள்கிறார்கள்.

இதைவிடப் பெரிய தைரியத்தை நான் எந்த மதத்தின் கலையிலும் கேள்விப்பட்டதில்லை. தெய்வம் செத்துப்போகும் என்று ஒப்புக்கொள்வது, செத்தால் அழுவது, அழுதுவிட்டுப் புதிய உடம்பில் வணங்குவது. மரத்தில்தான் இது முடியும். கல்லில் செய்திருந்தால் இந்த எண்ணமே எழுந்திருக்காது. ஆயுளைத் தரும் என்று வராகமிகிரர் சொன்னது எனக்கு இப்போது பிசகாகப் படவில்லை. அழிந்து அழிந்து வருகிற ஒன்றுக்குத்தான் ஆயுள் என்ற சொல் பொருந்தும். கல்லுக்கு இருப்பது ஆயுள் அல்ல, வெறும் இருப்பு.

நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறான ஒரு வழியை எடுத்துக்கொண்டவர் காஞ்சிபுரத்து அத்தி வரதர். அவரையும் மரம் என்பதற்காகப் புதைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மண்ணில் அல்ல, தண்ணீரில். வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் என்ற குளத்தின் அடியில் நாற்பது வருஷம் படுத்திருந்துவிட்டு ஒரு மண்டலத்துக்கு வெளியே வருகிறார். 1939, 1979, 2019. அத்திக் கட்டை தண்ணீருக்குள் நெடுநாள் தாங்கும் என்பது கிணறு தோண்டுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. மரத்தை அழிக்கிற பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க மூழ்கிவிட்டால் காற்று இல்லை; காய்ந்தே இருந்தால் ஈரம் இல்லை. இரண்டும் மாறிமாறி வந்தால்தான் மரத்துக்கு ஆபத்து.

1979இல் என் தாயாரோடு போயிருந்தேன். 2019இல் நான் மட்டும் போனேன். அந்த வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு 17ஆம் தேதி வரையில் நாற்பத்தெட்டு நாள். ஜூலை முழுவதும் சயனம், பிறகு நின்ற கோலம். கூட்டத்தில் மணிக்கணக்கில் நகர்ந்துபோய்ச் சில விநாடிதான் பார்க்க முடிந்தது. பட்டுக்கும் மாலைக்கும் நடுவில் கறுத்த முகமும் கண்களும். சிற்பத்தைப் பார்க்கவேண்டும் என்று போன எனக்கு அந்தச் சில விநாடிக்குள் சிற்பம் பார்க்க நேரமில்லை. வெளியே வந்த பிறகு ஒன்றே ஒன்று மனத்தில் நின்றது. போன தடவை என் பக்கத்தில் நின்றவள் இல்லை. அடுத்த தடவை, 2059இல், நானும் இருக்கமாட்டேன். அந்த மரம் இருக்கும். பூரியில் தெய்வம் நம்மைப்போலச் சாகிறது. காஞ்சியில் தெய்வம் நம் சாவை எண்ணிக் காட்டுகிறது. இரண்டும் மரத்தால் வந்த அர்த்தங்கள். சங்கு சக்கர அட்டவணையில் இவை கிடையாது.

இனித் தேருக்கு வருகிறேன். நம் நாட்டு மரச் சிற்பத்தின் முழு வீச்சையும் பார்க்கவேண்டுமானால் கர்ப்பக்கிருகத்துக்குப் போகவேண்டாம். தேரடிக்குப் போனால் போதும். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரம் முடிந்து நிற்கும்போது 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்லுகிறார்கள். அந்த உயரத்தில் பெரும் பகுதி மூங்கிலும் துணியும். திருவிழா முடிந்ததும் அவை போய்விடும். மிஞ்சுவது சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக விரிந்துகொண்டு போகிற மரப்பகுதி. இலுப்பை போன்ற வைரம் பாய்ந்த மரங்களில் செய்த அந்த அடுக்குகளில் இருக்கிற நூற்றுக்கணக்கான உருவங்களுக்குக் கோயிலுக்குள் இருக்கிற உருவங்களின் அடக்கம் கிடையாது. யாளி பாய்கிறது, காளி காலைத் தூக்குகிறாள், பிட்சாடனர் பின்னால் ரிஷி பத்தினிகள் ஓடுகிறார்கள், நடுநடுவே குறவன், குறத்தி, குரங்கு, குழந்தைகளுக்குக் காட்டக்கூடாத சில ஜோடிகளும் உண்டு.

இந்த உருவங்கள் கொஞ்சம் மிகைப்பட்டவை, முரட்டுத்தனமானவை என்று சில விமரிசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் இவற்றைக் கண்காட்சி மேஜையில் வைத்துப் பார்த்தவர்கள். தேர்ச் சிற்பம் விளக்கொளியில் பார்ப்பதற்கல்ல. சித்திரை வெயிலில், புழுதியில், ஆயிரம் தலைகளுக்கு மேலே, அசைந்துகொண்டு போகும்போது பார்ப்பதற்கு. நடு வெயிலில் மெல்லிய வேலைப்பாடு எதுவும் தெரியாது. ஆழமாகக் குடைந்தால்தான் நிழல் விழும். நிழல் விழுந்தால்தான் முகம் தெரியும். ஆகவே கண் பிதுங்குகிறது, மார்பு நிமிர்கிறது, கால் தூக்குகிறது. சிற்பி தெரிந்து செய்த மிகை அது. தெருக்கூத்துக்காரன் குரலைப் பார்த்து அவனுக்குக் கச்சேரிச் சாரீரம் இல்லை என்று குறை சொல்லலாமா?

இனி என் நண்பருக்குப் பதில். கல் கிடைத்திருந்தால் இந்தச் சிற்பி என்ன செய்திருப்பான்? வேறொன்றைச் செய்திருப்பான், இதைச் செய்திருக்கமாட்டான். மரத்துக்கு நார் ஓடுகிற திசை ஒன்று உண்டு. அந்தத் திசையோடு செதுக்கினால் உளி வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே மெல்லிசாகச் செதுக்கின எதுவும் சீக்கிரம் ஒடிந்துபோகும். என் பலகையில் நார் மேலும் கீழுமாக ஓடுகிறது. நரசிம்மத்தின் மேல் கைகளை எல்லாம் அந்தச் சிற்பி நெட்டுக்கு நெட்டாக உயர்த்திவிட்டான். பக்கவாட்டில் விரிகிற கை ஒன்றுகூட இல்லை. ஒடியாமல் இருக்கவேண்டுமே என்ற தச்சனின் கவலைதான் காரணம். ஆனால் பார்க்கிறவனுக்கு என்ன தெரிகிறது? தூணுக்குள் அடைபட்ட ஒரு சக்தி பக்கவாட்டில் போக இடமில்லாமல் மேல்நோக்கிப் பீறிடுவது தெரிகிறது. மரத்தின் பலவீனம் தெய்வத்தின் வேகமாகிவிட்டது. இதற்குமேல் ஒரு கலையில் என்ன வேண்டும்?

திருமூலர் மர யானையை வைத்து ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். யானையாகப் பார்க்கிறவனுக்கு மரம் தெரிவதில்லை, மரமாகப் பார்க்கிறவனுக்கு யானை தெரிவதில்லை என்பது கருத்து. உலகத்தையும் பரம்பொருளையும் பற்றி அவர் சொன்னது அது. தத்துவத்தில் அதை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் சிற்பத்தைப் பொறுத்தவரையில், நல்ல மரச் சிற்பத்துக்கு எதிரே நிற்கும்போது மூன்றாவதாக ஒன்று நடக்கிறது. மரமும் தெரிகிறது, யானையும் தெரிகிறது; ஒன்று மற்றதை மறைப்பதில்லை. அந்தச் சமயத்தில்தான் நாம் கலையைப் பார்க்கிறோம் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கும் மரத்தில் தெய்வம் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரம்பலூர்ப் பக்கம் அரும்பாவூரில் வாகையிலும் மாவிலும் வேம்பிலும் செய்கிறார்கள். 2020இல் அந்த ஊர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2021இல் கள்ளக்குறிச்சிக்கும் கிடைத்தது. சந்தோஷமான செய்தி. ஆனால் கடைகளில் வரிசையாக நிற்கிற பிள்ளையாரையும் கிருஷ்ணனையும் பார்க்கும்போது மனம் நிறைவதில்லை. ஓர் அங்குலம் வெற்றிடம் இல்லாமல் கொடியும் பூவும் முத்துச் சரமும். முகங்கள் எல்லாம் ஒன்று. எல்லாவற்றின்மேலும் கண்ணாடி மாதிரி வார்னிஷ். கை தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது பொய். நுணுக்கத்தில் இந்தக் கை அந்தக் கைக்கு இளைத்ததல்ல.

இடம்தான் இல்லை. தேர் செய்கிறவனுக்கு எந்தப் பலகை எந்த மூலையில் வரும், எவ்வளவு உயரத்தில் வரும், எந்தப் பக்கத்து வெயில் படும், அதற்கு அடுத்த பலகையில் என்ன கதை என்பது தெரியும். கடைக்குச் செய்கிறவனுக்கு எதுவும் தெரியாது. அவன் செய்கிற கிருஷ்ணன் பம்பாயில் ஹோட்டல் வாசலில் நிற்கலாம். லண்டனில் சோபாவுக்குப் பின்னால் நிற்கலாம். எங்கே நிற்பது என்று தெரியாத உருவம் எல்லா இடத்திலும் எடுபடவேண்டும் என்று பார்த்தால், அதன்மேல் நகையைப் போட்டுக்கொண்டே போவதைத் தவிர வேறு வழியில்லை. சிற்பியைக் குறை சொல்லுகிற நாம், அவனுக்கு ஓர் இடம் கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் என் பலகையின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். எந்த ஊர்த் தேர் என்று கேட்டேன், கடைக்காரர் சிரித்தார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பங்கள் நாட்டைவிட்டுப் போகாமல் தடுக்க 1972ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. ஆனால் தேரைப் பழுது பார்க்கிறோம் என்று பலகையைக் கழற்றி, கழற்றின பலகை உள்ளூரிலேயே சுவர் அலங்காரமாகிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? நானும் கேட்கவில்லை. பேரம் பேசினேன், வாங்கி வந்தேன். வாங்காவிட்டால் அடுப்புக்குப் போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு தடவை, தேர் வேலை நடந்துகொண்டிருந்த ஓர் ஊரில் ஒரு வயதான ஸ்தபதியாரோடு பேச நேர்ந்தது. கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு என்னோடு உட்கார்ந்தார். பழைய பலகைகள் இப்படிக் கடைக்குப் போகிறதே என்று வருத்தப்பட்டேன். அவர் அவ்வளவாக வருத்தப்படவில்லை.

"தேர் ஓடணும் சார். ஓடற தேரிலே உளுத்த பலகை இருக்கலாமா? பழசை அளவு எடுத்துத்தான் புதுசு செய்யறோம். எங்க தாத்தா செஞ்சதும் அதுக்கு முந்தினதைப் பார்த்துத்தான்" என்றார்.

"பழசை என்ன செய்வீர்கள்?"

சிறிது யோசித்தார். "எங்க தாத்தா காலத்திலே ஆத்திலே விட்டுடுவாங்களாம். இப்போ யாராவது கேட்டா கொடுத்துடறாங்க."

நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. என் பையில் என் பலகையின் புகைப்படம் இருந்தது. அவரிடம் காட்டி வயதைக் கேட்கலாம் என்று கொண்டுபோனது. காட்டாமலே திரும்பி வந்தேன்.

அவர் சொன்னதில் பாதி பூரியின் தர்மம். உடம்பு போனால் போகட்டும். வடிவம் தொடர்ந்தால் போதும். விமரிசகனான எனக்கு அது கஷ்டமாக இருந்தாலும், அதில் இருக்கிற நியாயத்தை மறுக்க முடியவில்லை. தேர் ஓடாமல் சிற்பத்தை மட்டும் காப்பாற்றுவது, பாட்டை நிறுத்திவிட்டு வீணையைத் துடைத்து வைப்பது மாதிரி. ஆனால் பூரியில் பழையதைப் புதைக்கிறார்கள், புதைத்துவிட்டு அழுகிறார்கள். காஞ்சியில் தண்ணீருக்கு அடியில் வைத்துக் காக்கிறார்கள். பொருட்காட்சிச்சாலையில் வைப்பவர்களும் ஒரு விதத்தில் மரியாதை செய்கிறார்கள். எந்த ஊர், எந்தக் காலம் என்று எழுதியாவது வைக்கிறார்கள். ஆற்றில் விடுவதும் ஒரு மரியாதைதான். நாமோ புதைப்பதும் இல்லை, காப்பதும் இல்லை, விற்கிறோம். விற்கிறவர்களைச் சொல்லி என்ன பயன்? வாங்குகிறவன் இருக்கிறான். அவன் ரசிகன் என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிறான். கட்டுரைகூட எழுதுகிறான்.

அந்தப் பலகையில் இன்னொன்று உண்டு. அதை நான் வாங்கி இரண்டு வருஷம் கழித்துத்தான் கவனித்தேன். நரசிம்மத்தின் முகம் கூர்மையாக, அப்படியே இருக்கிறது. பிரகலாதனின் முகம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று போயிருக்கிறது. மூக்கு இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. மழையும் வெயிலும் அப்படித் தேய்க்காது. அவை வெடிக்க வைக்கும். யோசித்துப் பார்த்தேன். தேரின் கீழ் அடுக்கில், ஒரு சிறு பையனின் கைக்கு எட்டுகிற உயரத்தில் அந்தப் பலகை இருந்திருக்க வேண்டும். தேரடியில் விளையாடுகிற பிள்ளைகள் தங்கள் உயரத்தில் நின்ற அந்தப் பிள்ளையை எத்தனை தலைமுறையாகத் தொட்டுத் தொட்டு மூக்கைக் கரைத்திருக்கிறார்கள்! எங்கள் ஊர்த் தேரில் நானும் இப்படி ஒரு குதிரையின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்போது எனக்கு அது சிற்பம் என்று தெரியாது.

என் வீட்டில் அது ஆள் உயரத்தில் மாட்டியிருந்தது. கண்ணாடிச் சட்டமும் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் சட்டத்தைக் கழற்றிவிட்டேன். பலகையையும் இறக்கி, இரண்டடி உயரத்தில் மாட்டியிருக்கிறேன். எந்த ஊருடையது என்று தெரிந்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தெரியாதவரையில் அப்படிச் சொல்லுவது சுலபம் என்பதும் எனக்குத் தெரியும். நேற்று என் பேத்தி அதன் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் எதையோ பேசிக்கொண்டிருந்தாள். விரல் பிரகலாதன் முகத்தில் இருந்தது. வந்திருந்த நண்பர், "தேய்ந்துவிடும், எடுக்கச் சொல்லுங்கள்" என்றார்.

நான் சொல்லவில்லை.